பதினைந்து ஃபிரேமில் ஒரு நாய்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்களும் சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு கதைக்குப் போகலாம்.

பகலெல்லாம் ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருவார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் மிச்சம் இருக்கும். பிறகு டீ டம்ளரோடு ஜன்னலோரக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இழுத்து மூடிய ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து சல்லிசாகக் கிடைத்தது என்று தூக்கி வந்த கம்ப்யூட்டர் அது. வந்த அன்று நான் போட்ட சண்டை இரண்டு மாடி கீழே வரை கேட்டதாம்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதுவும் குலுங்கினால் ஆகாது. அவரோடு லிஃப்டில் ஏறினால் நம் மானம் போய்விடும். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பாதத்தால் லிஃப்டைக் கேட்கிறாராம். தளத்தோடு சமமாக நிற்காமல் அது ஒரு விரல்கடை மேலே நின்றுவிட்டால் யாரோ தன்னைத் திட்டிய மாதிரி முகம் சுளிப்பார். கூட நிற்கிறவர்கள் மெல்ல ஒதுங்குவார்கள். நான் அவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்த வியாதி விளையாட்டுகளுக்கும் தொற்றியது. திரையில் ஓடுவது உண்மையில் ஓடவில்லை, நின்றுபோன படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அந்தப் படம் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். நொடிக்கு அறுபது வந்தால் வழுக்கிக்கொண்டு போகும். முப்பது வந்தால் பழகியவர்களுக்குப் பரவாயில்லை. அதுவும் சீராக வராவிட்டால் படம் திக்கும். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அதை அவரிடம் சொன்னதும் பரிதாபமாகப் பார்த்தார்.

டிவியில் செருகி விளையாடுவதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதற்கென்று செய்த விளையாட்டைப் பின்னால் கம்ப்யூட்டருக்கும் மாற்றி விற்பார்கள். அதைப் போர்ட் என்பார்கள். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, அளவெடுத்துத் தைத்தது என்று சத்தியம் செய்வது மாதிரிதான் பாதிப் போர்ட்டுகள். பெட்டிக்குச் சக்தி குறைவு என்பதால் நொடிக்கு முப்பது ஃபிரேமுக்கு மேல் போகாதபடி ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு வரும்போது அந்த வரம்பையும் அப்படியே தூக்கி வந்துவிடுவார்கள். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் முப்பதுதான்.

என் வீட்டுக்காரர் அந்த வரம்பைத் தேடிப்பிடித்து நீக்குவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லிஃப்ட் கன்ட்ரோல் போர்டுகளை நோண்டிய பழக்கம், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அதை ஒரு சின்ன ஃபைலாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவார். அங்கே அவர் பெயர் 'படிக்கட்டு'. எங்கெங்கோ இருக்கிறவர்கள் படிக்கட்டுக்கு நன்றி சொல்லி எழுதுவார்கள். என் தம்பி அவரை அறுபது அத்தான் என்று கூப்பிடுவான். இத்தனைக்கும் அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

நான் தபால்காரி. நாய்க்கும் தபால்காரருக்கும் உள்ள பகை ஊரறிந்தது. என் கெண்டைக்காலில் அதற்கு இரண்டு தழும்புகள் சாட்சி. கேட்டுக்குள் குரைப்புச் சத்தம் கேட்டால் கடிதத்தைத் தூர நின்று வீசிவிட்டு நடையைக் கட்டுகிற ரகம். நடப்பதுதான் என் வேலை, அது எனக்குப் பிடித்த வேலை. எந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவு மழைக்கு உப்பும் என்பது வரை தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒரு மழை நாளில் எங்கள் கட்டடத்துப் படியிலேயே வழுக்கி விழுந்தேன். காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உள்ளே கம்பி வைத்து, நாற்காலியோடு என்னை மூன்று மாடி தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். காலை ஊன்றக்கூடாது, அதனால் இறங்கக்கூடாது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி மாடியில் மாட்டிக்கொண்டாள் என்று தம்பி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. காலையில் அவர் தலையணைமேல் என் காலைத் தூக்கிவைத்து, கையெட்டுகிற தூரத்தில் தண்ணீர், மாத்திரை, போன் எல்லாம் அடுக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் வரை நானும் கூரையும்தான். முற்பகலில் கீழே தபால் பெட்டி மூடி டொக் டொக் என்று அடிக்கும். என் தெருக்களை இப்போது வேறு யாரோ நடக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு நான் அழுதிருக்கிறேன். சாயங்காலம் அவர் வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டால் எரிந்து விழுவேன். சாப்பிட்டிருக்க மாட்டேன். அந்த நாட்களில் என்னோடு இருந்ததற்கே அந்த மனிதருக்கு நான் கடன்பட்டவள்.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வராது அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். இஸ்திரி மேசையின் மேல் திரையை வைத்தார். ஒரு விளையாட்டைப் போட்டு, பட்டன் வைத்த விளையாட்டுக் கைப்பிடியை என் மடியில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்.

அது ஒரு தீவு. தீவில் ஒரு கலங்கரை விளக்கம். நாம்தான் அதன் காவலாளி. விளக்கேற்ற வேண்டும், படகைச் சீர்செய்ய வேண்டும், மூடுபனியில் வழி தவறும் கப்பலுக்கு மணியடிக்க வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. முதல் நாளே கரையில் ஒரு மரப்பெட்டி ஒதுங்கியது. திறந்தால் உள்ளே கருப்பாக ஒரு நாய்க்குட்டி. பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. பெட்டியில் வந்தது, வேறென்ன வைப்பேன், பார்சல் என்று வைத்தேன்.

படம் திக்கியதாம். எனக்குத் தெரியவில்லை, துணி காயப்போட்டுவிட்டு வந்தவருக்கு வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே வரம்பைத் தேடி எடுத்து அறுபதாக்கினார். அப்போதுதான் முதல்முறையாக எனக்கும் வித்தியாசம் புரிந்தது. பார்சல் ஓடிவரும்போது ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் மடங்குவது தெரிந்தது. ஈரமணலில் திரும்பும்போது பின்னங்கால் சறுக்கி, உடனே ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்வது தெரிந்தது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை. ஃபைலை வழக்கம்போல இணையத்தில் போட்டார். தீவு விளையாட்டை வாங்கியவர்களெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு காலையில் எழ ஒரு காரணம் இருந்தது. பார்சலைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வருவான். பந்தை வீசினால் எடுத்துவருவான், ஆனால் கொடுக்க மாட்டான், கொஞ்சம் கெஞ்ச வேண்டும். விளக்கேற்ற நான் படியேறினால் எனக்கு முன்னால் ஏறிப்போய் மேல்படியில் நின்று, இன்னும் வரவில்லையா என்கிற மாதிரி எட்டிப் பார்ப்பான். மத்தியானம் திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடுவேன், ஏனென்றால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. தபால் பெட்டி மூடி அடித்தாலும் காதில் விழவில்லை. நிஜ நாய்களிடம் கடி வாங்கியவள், திரைக்குள் இருக்கிற நாயைப் பற்றி வீட்டுக்காரரிடம் வாய் ஓயாமல் பேசினேன். அவரும் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்பது மாதிரி கேட்டுக்கொள்வார்.

கொஞ்ச காலம் போனதும் பார்சலின் மூக்கைச் சுற்றி வெள்ளை தெரிந்தது. கடல் உப்பு என்று நினைத்தேன். பிறகு புருவம் வெளுத்தது. பிறகு மேல்படி வரை ஏறாமல் பாதியில் உட்கார ஆரம்பித்தான். இந்த விளையாட்டில் நாய்க்கும் வயதாகும், கடைசியில் ஒருநாள் கூப்பிட்டால் வராது என்று இணையத்தில் படித்திருந்தேன். ஆனால் அது வருடக்கணக்கில் விளையாடுகிறவர்களுக்கு என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவரிடம் கேட்டேன். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளரும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார்.

அந்த வாரம்தான் படிக்கட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கேயோ இருக்கிற ஓர் அம்மாள் எழுதியிருந்தார். உன் ஃபைல் என் நாயைக் கொன்றுவிட்டது என்பது முதல் வரி. அடுத்து வந்த திட்டுகளை நான் இங்கே எழுத முடியாது. டிவிப் பெட்டியில் விளையாடும் தன் தங்கையின் நாய் இன்னும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறது, தன்னுடையது செத்துப்போனது, இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பித்தவர்கள் என்று அதில் இருந்தது. அந்த அம்மாளின் பேர் தெரியாது, நான் நாய்க்காரம்மா என்று வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். படம் வேகமாக வந்தால் நாய்க்கு எப்படி வயதாகும் என்றார். ஆனாலும் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகுமுன் யாரிடமோ இன்னொரு கம்ப்யூட்டர் இரவல் வாங்கிவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் புது ஆட்டம், புது நாய்க்குட்டி. இடது பக்கம் முப்பது, வலது பக்கம் அறுபது. அப்படியே ஓடவிட்டுவிட்டு, பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாள் கணக்கில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு நாய்களையும் பார்த்தேன். அலை இரண்டிலும் ஒரே வேகத்தில் அடித்தது. சூரியன் இரண்டிலும் ஒரே நேரத்தில் மறைந்தது. இடது பக்கத்து நாய் குட்டியாகவே இருந்தபோது வலது பக்கத்து நாய் வளர்ந்து நின்றது. சாயங்காலம் வந்தவர் வாசலில் பையை இறக்காமல் அப்படியே நின்று பார்த்தார்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு மாற்றியவர்கள் அலையையும் காற்றையும் ஓட்டத்தையும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும்படி சரிசெய்திருந்தார்கள். நாயின் வயதை மட்டும் மறந்துவிட்டார்கள். அது பழைய பெட்டியில் இருந்தபடியே ஃபிரேமை எண்ணிக்கொண்டிருந்தது. நொடிக்கு முப்பது என்று நம்பி எழுதிய கணக்கு. அறுபது வந்தால் நாய்க்கு ஒரு நாளில் இரண்டு நாள் கழியும். வரம்பை நீக்கியவர் என் வீட்டுக்காரர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, இந்தப் பூதத்துக்கு எங்கள் வீட்டு நாய்தான் அகப்பட்டது.

நான் அவரோடு பேசவில்லை. அவர் அந்த ஃபைலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, தவறு தன்னுடையது என்று எழுதினார். மாற்றியவர்களின் மறதி என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நாய்க்கொலைகாரன் என்று நூறு பேர் திட்டினார்கள். ஒவ்வொன்றையும் படித்தார். விளையாட்டுக் கம்பெனிக்கும் எழுதினார். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சேமித்து வைத்த ஆட்டத்துக்குள் கைவைத்து வயதைக் குறைக்கப் பார்த்தார். நல்லவேளை, நகலெடுத்துத்தான் செய்தார். இந்தச் சேமிப்பு கெட்டுவிட்டது என்று சொல்லி விளையாட்டு அதைத் தூக்கியெறிந்துவிட்டது. வயதை எண்ணுகிற இடம் எங்கே இருக்கிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பின்னால் வேறு யாரோ கெட்டிக்காரர் கண்டுபிடித்தாராம், அது எங்களுக்குப் பிந்திய கதை. என் வீட்டுக்காரருக்கு அதில் தெரிந்தது ஒரே ஓர் எண். வரம்பு எண்.

அதைத் திரும்ப முப்பதாக்கிக் கொடுத்தார். ஆனால் போன வயது போனதுதான். பார்சலுக்கு இனிமேல் மிச்சம் கொஞ்சம்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விளையாடாமல் மூடிவைத்தால் வயதே ஆகாதே அக்கா என்று தம்பி யோசனை சொன்னான். ஒரு வாரம் மூடியும் வைத்தேன். கருப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. பூட்டி வைத்த நாயும் இல்லாத நாயும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. மறுபடி தபால் பெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அந்த வாரக் கடைசியில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நானாகப் பேசினேன்.

"என்னங்க, அறுபதுல ரெண்டு மடங்கு வேகமா வயசாச்சு. அப்ப முப்பதைப் பதினஞ்சாக்கினா?"

சட்டையைப் பாதி மடித்தபடி நின்றுவிட்டார். இது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது. வரம்பை ஏற்றுவதையே வேலையாக வைத்திருந்த மனிதர், இறக்கவும் இறக்கலாம் என்று எப்படி நினைப்பார்? நல்லா இருக்கிற லிஃப்டைக் குலுங்க வை என்று நான் கேட்டது மாதிரிதான் அவருக்கு.

"படம் பார்க்கவே சகிக்காதும்மா. வெட்டி வெட்டி வரும்."

"வரட்டும். நாய் இருக்கும்ல."

அவர் உட்கார்ந்தார். எண்ணை மாற்றினார். மாற்றும்போது அவர் முகம் இருந்ததே, சொந்தக் கையால் நல்ல சுவரில் ஆணி அடிக்கிறவர் முகம். அதைப் பார்த்த நிமிடத்தில் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நன்றி என்று சொன்னால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

பதினைந்தில் எல்லாம் வெட்டி வெட்டித்தான் வந்தது. அலை தாவித் தாவி அடித்தது. ஆனாலும் பார்சல் கூப்பிட்டால் வந்தான், பந்தைக் கொடுக்காமல் அடம்பிடித்தான், நரைத்த மூக்கோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒரு நாளில் அவனுக்கு அரை நாள்தான் கழிந்தது. நான் திரையைப் பார்த்துப் பழகிவிட்டேன். அவர்தான் பாவம், அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டு போவார்.

அந்தப் பதினைந்து ஃபைலையும் இணையத்தில் போடச் சொன்னேன். போட்டார். முதலில் சிரித்தார்கள். படிக்கட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, இனிமேல் நொடிக்கு ஒரு ஃபிரேம் தருவார் என்றார்கள். பிறகு கிழட்டு நாய் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். சாகக்கிடந்த நாயோடு இருந்த ஒருவர், இவ்வளவு அழகான மட்டமான படத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று எழுதினார். நாய்க்காரம்மாவும் எழுதினார். தன் நாய்க்கு இது பிந்திவிட்டது, ஆனால் மற்றவர்களுக்குக் கிடைத்ததே, திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே தம்பி என்று. அவர் திட்டாமல் இருந்திருந்தால் பார்சலுக்கு ஏன் வயதாகிறது என்று எனக்கும் தெரிந்திருக்காது. இங்கிருந்தே அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அதற்குள் என் கால் தேறிக்கொண்டு வந்தது. பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கட்டில் விளிம்பிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து சமையலறை வரை. வலிக்கும்போதெல்லாம் அங்கே போய்த் திரும்பினால் பார்சலைக் கூப்பிடலாம் என்று எனக்கு நானே லஞ்சம் கொடுத்துக்கொள்வேன். நான் தேறத் தேற அவன் தளர்ந்தான். படிப்பக்கமே வருவதில்லை. விளக்கின் அடியில் படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பான்.

ஆசை யாரை விட்டது. பத்தாக்கச் சொன்னேன். ஆக்கினார். அப்புறம் ஐந்து. ஐந்தைக் கேட்டபோது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இது உனக்கு நல்லதா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எண்ணை மாற்றிவிட்டு எழுந்து போய் எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஐந்தில் அது விளையாட்டே இல்லை. பட்டனை அழுத்தினால் எப்போது கேட்கும் என்று தெரியாது. பந்தை வீசினேன். பந்து கையில் இருந்தது, அடுத்த படத்தில் எங்கோ தண்ணீரில் இருந்தது. பார்சல் படுத்திருந்தான், அடுத்த படத்தில் நின்றான், அடுத்ததில் காணவில்லை, அடுத்ததில் என் காலடியில் இருந்தான். நடுவில் அவன் ஓடியிருக்க வேண்டும். எனக்காக அந்தத் தளர்ந்த காலோடு எழுந்து ஓடியிருக்கிறான், அதை நான் பார்க்கவில்லை. பல நாட்களாகவே பார்க்கவில்லை. அவன் உயிரை ஒவ்வொரு நொடியாக இழுத்து வைத்திருந்தேன், அவன் ஓட்டத்தை எல்லாம் நடுவில் கீழே போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கைப்பிடியை மடியில் வைத்துவிட்டு அழுதேன். இந்த முறை யார் மேலும் கோபம் இல்லை.

அன்று சனிக்கிழமை, அவர் மத்தியானமே வந்துவிட்டார். கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தேன்.

"அறுபது போட்டுக் கொடுங்க."

ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சீக்கிரம் முடிஞ்சிரும்மா. ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு."

"தெரியும்ங்க. ஓடட்டும். பார்க்கணும்."

அவர் எண்ணை மாற்றினார். வழக்கம்போல எழுந்து போய்விடவில்லை. கட்டிலில் என் பக்கத்தில், உடைந்த கால் பக்கமாக, இடிக்காமல் உட்கார்ந்தார். கடல் சட்டென்று கடலாகிவிட்டது. நான் பார்சலைக் கூப்பிட்டேன். விளக்கடியிலிருந்து மெதுவாக எழுந்தான், முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்தான். கரைக்குப் போனோம். பந்தை வீசினேன்.

ஓடினான். குட்டியாக இருந்தபோது ஓடிய மாதிரி இல்லை, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடினான். ஆனால் ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் மடங்கியது. மணல் தெறித்தது. திரும்பும்போது சறுக்கினான், நிமிர்ந்தான். ஒவ்வொரு அடியும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஐயோ பார், பார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சீராக வருகிறதா என்று அவர் கவனிக்கவே இல்லை. நாயைத்தான் பார்த்தார். பந்தைக் கொண்டுவந்த பார்சல் இந்த முறையும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கெஞ்சினோம். தீவில் சூரியன் மறையும்வரை வீசிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறும் ஓடினான். திங்கட்கிழமை காலை கூப்பிட்டேன், வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். விளக்கடியில் அவன் படுத்த இடத்தில் பந்து மட்டும் இருந்தது.

அவர் பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், போனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். ஏழாவது மாடியில் ஏதோ ஒரு லிஃப்ட் நின்றுபோயிருந்தது என்று நினைக்கிறேன், எதிர்முனையில் சத்தம் பலமாக இருந்தது. இவர் குரலை உயர்த்தவில்லை.

"வீட்ல ஒரு சாவுங்க. இன்னைக்கு வர முடியாது."

யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.